முதல் ஹேண்டி வாங்கப் போறீங்களா, முதல்ல அதுக்கு காது நல்லா இருக்கான்னு பாருங்க

போன மாசம் எங்க தெருவுல இருக்கிற காலேஜ் பையன் ஒருத்தன் சாயங்காலமா வீட்டுக்கு வந்து போனை நீட்டினான், பார்த்தா ஹாம் லைசன்ஸ் (பொழுதுபோக்கா ரேடியோல பேசறதுக்கான அரசாங்க அனுமதி) பிடிஎஃப், ரெஸ்ட்ரிக்டட்ங்கற ஆரம்ப கிரேடு, விக்டர் யூனிஃபார்ம் த்ரீ, அதாவது VU3ன்னு ஆரம்பிக்கிற கால்சைன், ரேடியோல அது தான் நம்ம பேர். எக்ஸாம் எழுதி, போலீஸ் வெரிஃபிகேஷன் முடிஞ்சு, மாசக்கணக்கா காத்திருந்து வாங்கினது. அவன் முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு நான் லைசன்ஸ் வாங்கின நாள் ஞாபகம் வந்துருச்சு. உக்காந்ததும் முதல் கேள்வி ஹேண்டி பத்தி, அதாவது கையில பிடிச்சுப் பேசற ரேடியோ செட்டு பத்தி, "அண்ணா, 10 வாட் ஹேண்டி ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், வாங்கிடவா?"

வேண்டாம்டான்னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்க எழுதறேன், ஏன்னா புதுசா வர்ற எல்லாரும் இதே கேள்வியோட தான் வர்றாங்க, எத்தனை வாட், எத்தனை பேண்ட் (அலைவரிசைப் பகுதி), எத்தனை சேனல்னு. யாருமே இது எவ்வளவு நல்லா கேக்கும்னு கேக்கறதில்ல. ஹேண்டியோட பாதி வேலை கேக்கறது, ஆரம்பத்துல பாதிக்கும் மேல. முதல் ஆறு மாசம் நீங்க பேசறதை விட மத்தவங்க பேசறதைத் தான் அதிகம் கேப்பீங்க, அப்படித்தான் கத்துக்கவும் முடியும்.

சட்டத்தை முதல்ல சொல்லிடறேன். இந்தியாவுல லைசன்ஸ் கையில வராம செட் வாங்காதீங்க. எக்ஸாம் பாஸ் பண்ணியாச்சு, லைசன்ஸ் எப்படியும் வந்துரும், அதுக்குள்ள வாங்கி வச்சுக்கலாம்னு தோணும், வேண்டாம். ஆன்லைன்ல கண்டபடி வாக்கி டாக்கி விக்கிறதைப் பார்த்து 2025 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனியா வழிகாட்டு நெறிமுறையே போட்டாங்க. லைசன்ஸ் இல்லாம யார் வேணும்னாலும் பேசலாம்னு இருக்கிறது 446.0ல இருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள குறைஞ்ச பவர் வாக்கி டாக்கிங்க தான், அது வேற ரகம், ஹாம் செட் அதுல சேராது. உங்க லைசன்ஸ் காப்பியைக் கேட்டு வாங்கிட்டு பில் போட்டுக் குடுக்கிற டீலர்கிட்ட வாங்குங்க, நூறு இருநூறு கூட ஆனாலும் பரவால்ல, பில்லும் லைசன்ஸும் போன்ல ஒரு காப்பி எப்பவும் வச்சுக்கோங்க.

நம்ம நாட்டுல ஹாமுக்கு 2 மீட்டர் பேண்டுன்னா 144ல இருந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரை, 70 சென்டிமீட்டர்னா 434ல இருந்து 438 வரை. அவ்வளவு தான். இந்த மலிவு செட்டுங்க 136ல இருந்து 174 வரை, 400ல இருந்து 520 வரைன்னு எல்லாத்துலயும் பேச விடும், செட் விடுதுங்கறதுக்காக நாம பேசிடக் கூடாது, அங்க போலீஸ் இருக்காங்க, ஃபயர் சர்வீஸ் இருக்காங்க, கம்பெனிங்க காசு கட்டி வாங்கின சேனல் இருக்கு. புது செட்டுல சில நேரம் ஃபேக்டரில சோதனைக்குப் போட்ட சேனலுங்க அப்படியே மெமரில இருக்கும், நம்ம பேண்டுக்கு வெளிய உள்ளது. பெட்டியைப் பிரிச்ச உடனே பண்ற முதல் வேலை அதையெல்லாம் அழிக்கிறது தான்.

இப்ப வாட் கதைக்கு வருவோம். விஎச்எஃப் அலை, அதாவது நம்ம 2 மீட்டர் பேண்டு அலை, கிட்டத்தட்ட பார்வை மாதிரி, நேரா போகும், பூமி வளைஞ்சதும் விட்டுப் போயிடும். கணக்கு ரொம்ப சுலபம், ஆன்டெனா தரையில இருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதோட வர்க்கமூலத்தை 4.1ஆல பெருக்கினா அடிவானம் எத்தனை கிலோமீட்டர்னு வந்துரும். தெருவுல நின்னு பேசினா ஒன்றரை மீட்டர், அப்ப 5 கிலோமீட்டர், அதுவும் நடுவுல கட்டடம் மரம் ஒண்ணும் இல்லாட்டி தான், ஊருக்குள்ள ரெண்டு மூணு கிலோமீட்டர்லயே முடிஞ்சிரும். ரெண்டு மாடி வீட்டு மொட்டைமாடி 9 மீட்டர்னு வச்சா 12 கிலோமீட்டர். அதுவே நம்ம ஏற்காடு மாதிரி கீழ உள்ள சமவெளியில இருந்து 1100 மீட்டர் உயரத்துல நின்னா 136 கிலோமீட்டர். கொடைக்கானல் எஃப்எம் 100.5 மதுரை, தேனி, திருச்சின்னு எங்கெங்கயோ கேக்குதே, ஸ்டேஷனோட பவர் ஒரு காரணம் தான், ஆனா அது 2000 மீட்டருக்கு மேல உக்காந்திருக்கிறது தான் பெரிய காரணம். அதே டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு வந்து ஒரு ஊர் நடுவுல தரையில வச்சுப் பாருங்க, இத்தனை மாவட்டம் எட்டாது.

5 வாட்டை 10 வாட் ஆக்கினா கிடைக்கிறது 3 டெசிபல். எதிர்ல கேக்கறவரோட செட்டுல சிக்னல் பலம் காட்டற மீட்டர்ல ஒரு எஸ் யூனிட் ஏறணும்னா 6 டெசிபல் வேணும், அதாவது நாலு மடங்கு, 20 வாட். அப்ப 10 வாட் வாங்கினா பாதி யூனிட் தான், காதுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனா பேட்டரி வேகமா காலியாகும், செட் கையில சுடும், உங்க கண்ணுக்கு பக்கத்துல அத்தனை பவர் அடிக்கும். இன்னொண்ணு, பெட்டில எழுதியிருக்கிறது உண்மையா இருக்கணும்னு அவசியம் இல்ல. நான் ஆரம்பத்துல வாங்கின ஒரு செட்டுல 8 வாட்டுன்னு போட்டிருந்துச்சு, ஒரு சீனியர் ஹாம் வீட்டுக்குக் கொண்டு போய் பவர் மீட்டர்ல போட்டா 5ஐக் கூட தொடல. அவர் ஒண்ணும் சொல்லல, மீட்டரை என் பக்கம் திருப்பி வச்சுட்டு டீ போடப் போயிட்டார்.

காது விஷயம் தான் நான் ரொம்ப நாள் கழிச்சு கத்துக்கிட்டது, அதனால இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன். அந்த முதல் செட்டு ரப்பர் ஆன்டெனாவுல ரிப்பீட்டரை, அதாவது உயரமான இடத்துல இருந்து நம்ம பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பற நிலையத்தை, சுமாரா எடுத்துச்சு, சரி மொட்டைமாடில நல்ல ஆன்டெனா போட்டா பிரமாதமா கேக்கும்னு நெனச்சு பைப் நட்டு, கேபிள் இழுத்து, கனெக்டர் போட்டு மாட்டினேன். மாட்டினதும் ரிப்பீட்டர் சுத்தமா காணோம். ஆன்டெனால கோளாறுன்னு நெனச்சு ரெண்டு நாள் வெயில்ல நின்னு பிரிச்சுப் பிரிச்சு மாட்டினேன். கடைசில அதே கேபிள்ல வேற ஒருத்தரோட பழைய ஜப்பான் செட்டை மாட்டினதும் கண்ணாடி மாதிரி கேக்குது. ஆன்டெனா நல்லா தான் வேலை செஞ்சிருக்கு, ரொம்ப நல்லா. ஊருக்குள்ள இருக்கிற எஃப்எம் ஸ்டேஷன், செல் டவர், பக்கத்து ஆஸ்பத்திரி, கம்பெனி வாக்கி டாக்கின்னு எல்லாத்தையும் சேர்த்து வாரிக் கொண்டு வந்து செட்டுக்குள்ள கொட்டியிருக்கு, செட்டால அதை வடிகட்ட முடியல. சந்தைக்கு நடுவுல நிக்கிற ஆள் காதுல ரகசியம் சொன்னா எப்படி கேக்கும், அந்த மாதிரி.

இதுக்குக் காரணம் உள்ள இருக்கிற அமைப்பு. மலிவு செட்டுங்கள்ல மொத்த ரேடியோவும் ஒரே சிப்புக்குள்ள இருக்கும், முன்னாடி வடிகட்ட ஃபில்டர் ரொம்பக் கம்மி. பழைய பாணில செஞ்ச சூப்பர்ஹெட்டரோடைன் செட்டுல படிப்படியா வடிகட்டி வடிகட்டி நமக்கு வேண்டியதை மட்டும் உள்ள விடும். விலை வித்தியாசத்துல பெரும்பகுதி இதுக்குத் தான் போகுது, மேல இருக்கிற பிளாஸ்டிக்குக்கு இல்ல. அதனால யாராச்சும் எந்த செட் வாங்கலாம்னு கேட்டா நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணு தான், உங்க வீடு எங்க இருக்கு? சென்னை, கோவை நடுவுல, டவர் சூழ இருந்தா நல்ல ரிசீவருக்கு காசு போடுங்க. கிராமத்துல, ஊரை விட்டுத் தள்ளி இருந்தா மலிவு செட்டே உங்களுக்குத் தாராளமா போதும், அங்க அதைக் குழப்ப ஆள் இல்ல.

செட்டு பேர் சொல்லாம விட்டா திட்டுவீங்க. பௌஃபெங் யுவி-5ஆர் 2012ல வந்தது, உலகம் பூரா புது ஹாம் கையில முதல்ல வர்றது அதான், ரெண்டு பேண்டு, 7.4 வோல்ட் 1800 மில்லி ஆம்ப் ஹவர் பேட்டரி, கம்ப்யூட்டர்ல சர்ப் (CHIRP) சாஃப்ட்வேர் போட்டு சேனல் எல்லாம் ஏத்திக்கலாம். காசு இல்லாத ஸ்டூடண்ட் ஒருத்தனுக்கு இந்த செட் கதவைத் திறந்து விடுதுன்னா அதை நான் மட்டமா பேசவே மாட்டேன். ஆனா குறையும் இருக்கு. அமெரிக்க ஹாம் அமைப்பான ஏஆர்ஆர்எல் லேப்ல பௌஃபெங் செட்டுகளை வாங்கி சோதிச்சப்ப நெறைய செட்டு ஹார்மோனிக் வரம்பைத் தாண்டியிருந்துச்சு, அதாவது நீங்க 145ல பேசினா கொஞ்சம் 290லயும் 435லயும் கசியும். அதுக்கப்புறம் 2023 வாக்குல குவான்ஷெங் யுவி-கே5 வந்துச்சு, யுஎஸ்பி-சி கேபிள்லயே சார்ஜ் ஏறும், பசங்க அதுக்கு சொந்தமா ஃபர்ம்வேர், அதாவது செட்டுக்குள்ள ஓடற புரோகிராம், எழுதி ஸ்பெக்ட்ரம் எல்லாம் பார்க்கறாங்க. நோண்டற ஆசை இருக்கிறவங்களுக்கு நல்ல செட்டு, ஆனா காது விஷயத்துல அதுவும் அதே குடும்பம் தான்.

நான் மனசார சொல்றது, செகண்ட் ஹேண்ட்ல நல்ல நெலமையில யாயெசு எஃப்டி-60 கிடைச்சா யோசிக்காம வாங்குங்க, லைசன்ஸ் உள்ள ஆள்கிட்ட இருந்து எழுதி வாங்கிக்கிட்டு. 2004 வாக்குல வந்த மாடல், டிஸ்ப்ளே பழசு, பேட்டரி நிக்கல் ரகம், ஆனா ரிசீவர் அவ்வளவு சுத்தம், கீழ விழுந்தாலும் தாங்கும். இல்லன்னா ஐகாம் ஐசி-வி80 மாதிரி 2 மீட்டர் மட்டும் உள்ள சிங்கிள் பேண்ட் செட்டு. ஒரு பேண்டு போதுமாங்கறாங்க, நம்ம பக்கம் தினசரி பேச்சு பெரும்பாலும் 2 மீட்டர்ல தான் நடக்குது, 70 சென்டிமீட்டர்ல வாரம் பூரா ஸ்கேன் போட்டு ஒரு குரல் கூட கேக்காத ஊர் எத்தனையோ. டிஎம்ஆர், சி4எஃப்எம், டி-ஸ்டார்னு டிஜிட்டல் செட்டு வேணுமான்னா, உங்க ஊர்ல யாரு எதை உபயோகிக்கறாங்கன்னு தெரியாம வாங்காதீங்க, இதுல ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியாது. எஃப்எம் எல்லாருக்கும் பொது.

செட்டுக்கு அடுத்து, சொல்லப்போனா செட்டுக்கு முன்னாடியே, ஆன்டெனா. கூட வர்ற ரப்பர் குச்சி வசதிக்காக குடுக்கறது, பாக்கெட்ல வைக்க. முதல் முன்னேற்றம் காசே இல்லாம பண்ணலாம், 49 சென்டிமீட்டர் ஒயர் ஒண்ணு எடுத்து ஒரு முனையை வளையமா பண்ணி ஆன்டெனா திருகுற இடத்துல வெளி மெட்டல்ல படற மாதிரி மாட்டி தொங்க விடுங்க, புலிவால்னு பேரு இதுக்கு. 145ல கால் அலைநீளம் அது, ஆன்டெனாவோட இன்னொரு பாதி மாதிரி வேலை செய்யும். இது இல்லாதப்ப நம்ம கையும் உடம்பும் தான் அந்த வேலையை அரைகுறையா செஞ்சுட்டு இருக்கு. அடுத்தது ஸ்லிம் ஜிம்னு ஒரு ஆன்டெனா, தூர்தர்ஷன் காலத்துல மொட்டைமாடி ஆன்டெனால இருந்து டிவிக்கு ஒரு தட்டை ஒயர் வருமே, 300 ஓம் ரிப்பன், அதுல ஒன்றரை மீட்டருக்குள்ள வெட்டி செஞ்சுக்கலாம், சுருட்டி பைல போட்டுட்டு போய் மரத்துல தொங்க விட்டா அவ்வளவு அருமையா வேலை செய்யும். பழைய எலக்ட்ரிக்கல் கடைல இன்னும் தூசி படிஞ்ச சுருள் கிடைக்கும், கேட்டுப் பாருங்க.

வீட்டு மேல நிரந்தரமா போடறவங்க கேபிள்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஆர்ஜி-58ங்கற மெல்லிசு கேபிள் பத்து மீட்டர் போட்டா 145ல மூணுல ஒரு பங்கு பவர் கேபிளுக்குள்ளயே போயிடும், 435ல பாதிக்கும் மேல. இன்னொரு சின்ன விஷயம், கனெக்டர். எஸ்எம்ஏன்னு சின்ன திருகு கனெக்டர், பௌஃபெங்ல அது ஆண், யாயெசுல பெண், ஒண்ணுக்கு வாங்கின ஆன்டெனா இன்னொண்ணுல திருகாது. தடி கேபிளை நேரா செட்டு தலையில திருகி தொங்க விட்டா சாக்கெட் ஆடிப் போயிடும், நடுவுல ஒரு சாண் மெல்லிசு கேபிள் வச்சு சேருங்க.

பேட்டரி பத்தி நம்ம ஊர்ல இருந்துட்டு பேசாம இருக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னைல கரண்டும் இல்ல, செல்லும் இல்ல, அடுத்த வருஷமே வர்தா. அந்த மாதிரி நாள்ல லித்தியம் பேட்டரி எத்தனை பெருசா இருந்தாலும் ஒருநாள் ரெண்டு நாள், அப்புறம் சார்ஜ் போட எங்க போறது. அதனால செட்டு வாங்கறப்பவே சாதா பென்சில் செல் போடற கேஸ் அதுக்கு கிடைக்குதான்னு பாருங்க, எஃப்டி-60க்கு ஆறு செல் போடற மாதிரி கேஸ் உண்டு, ஐகாம் வி80க்கும் உண்டு, பெட்டிக்கடைல கூட பென்சில் செல் கிடைக்கும்.

ஆனா ஒண்ணு, ஹேண்டி ஒண்ணு கையில வந்துட்டா பேரிடர்ல ஊரைக் காப்பாத்திடலாம்னு யாரும் நெனச்சுடாதீங்க. 2004 சுனாமி அன்னைக்கு அந்தமான்ல போர்ட் பிளேர்ல இருந்து பாரதி பிரசாத் அம்மா செய்தி அனுப்பி வெளியுலகத்தோட தொடர்பு குடுத்தாங்களே, நம்ம ஹாமுங்க எல்லாரும் தலை நிமிர்ந்து சொல்ற விஷயம் அது, அது எச்எஃப் செட்டு, கடல் தாண்டிப் போற அலை. ஹேண்டி அந்த முகாமுக்கும் இந்த முகாமுக்கும் நடுவுல பேச, அதுக்கும் தினமும் பேசிப் பழகின ஆள் வேணும்.

செட்டு வந்த முதல் வாரத்துல எல்லாரும் தடுக்கி விழற இடம் ரிப்பீட்டர். நல்லா கேக்குது, நாம பேசினா யாரும் பதில் சொல்லல, ஐயோ செட்டு போச்சுன்னு பதறுவாங்க. ரிப்பீட்டர் ஒரு ஃப்ரீக்வென்சில பேசும், வேற ஒண்ணுல கேக்கும், 2 மீட்டர்ல வழக்கமா 600 கிலோஹெர்ட்ஸ் கீழ, அந்த ஷிஃப்டைப் போடணும். அதோட நெறைய ரிப்பீட்டருக்கு டோன் வேணும், காதுக்கு சரியா கேக்காத ஒரு மெல்லிசு முனகல் அது, அதை நம்ம செட்டு குரலோட சேர்த்து அனுப்பினா தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும். நான் டோன் போடாம ஒரு வாரம் தினம் காலைல நெட்டுல, அதாவது ஹாமுங்க ஒரே நேரத்துல ரேடியோல கூடிப் பேசற இடத்துல, என் கால்சைனை சொல்லிட்டே இருந்தேன், ஒருத்தருக்கும் கேக்கல. எந்த டோன்னு உங்க ஊர் சீனியர்கிட்ட கேளுங்க, சந்தோஷமா சொல்லுவாங்க. குரல் ரொம்ப சன்னமா இருக்குன்னு சொன்னா செட்டு நேரோல (குறுகின அலைவரிசை) இருக்கும், வைடுக்கு (அகலமானது) மாத்துங்க. பிடிடியை, பேசறதுக்கு அழுத்தற பட்டனை, அழுத்தின உடனே பேசாம ஒரு செகண்ட் விட்டு பேசுங்க, இல்லாட்டி முதல் எழுத்து விழுந்துரும், கால்சைன்ல முதல் எழுத்து போனா என்ன மிச்சம்.

பேசவே கூச்சமா இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சர்வதேச விண்வெளி நிலையம் நம்ம தலைக்கு மேல 400 கிலோமீட்டர்ல போறப்ப 437.800ஐப் போட்டுக் காத்திருங்க, அதுல இருக்கிற ஹாம் ரிப்பீட்டர் ஓடிட்டு இருந்தா புலிவால் மாட்டின ஹேண்டிலயே குரல் கேக்கும். வர்றப்ப 437.810, போறப்ப 437.790ன்னு நகரும், ரயில் ஹாரன் கிட்ட வர்றப்ப ஒரு மாதிரி, தாண்டினதும் ஒரு மாதிரி கேக்குமே அதே தான். 2025 ஜூலைல சுபான்ஷு சுக்லா மேல இருந்து நம்ம பிள்ளைங்களோட ஹாம் ரேடியோல பேசினாரே, ஸ்கூல் பிள்ளைங்களோட பேசற அந்த மாதிரி நிகழ்ச்சிகள்ல விண்வெளி வீரர் குரல் வழக்கமா 145.800ல தான் எறங்கும். முதல் தடவை அங்க இருந்து ஒரு குரல் என் கையில இருக்கிற டப்பால வந்தப்ப நான் மொட்டைமாடில தண்ணி டேங்க் மேல ஏறி நின்னுட்டிருந்தேன், இன்னைக்கு நெனச்சாலும் உடம்பு சிலிர்க்குது.

பையன் விஷயத்துக்கு வர்றேன். அவன்கிட்ட காசு கம்மி, வீடும் ஊர் ஓரமா தான், அதனால 10 வாட்டை விட்டுட்டு லைசன்ஸ் காட்டி ஒரு சாதாரண ரெண்டு பேண்டு செட்டு வாங்கினான், மிச்சக் காசுல கேபிளும் கனெக்டரும். போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் பஸ்ல ஏற்காடு போனோம், லேடீஸ் சீட் பக்கம் ஒரு மரத்துல ஸ்லிம் ஜிம்மைத் தொங்க விட்டு, ரிப்பீட்டர் இல்லாம நேரடியா, செட்டை லோ பவர்ல வைக்கச் சொன்னேன். "அண்ணா ஒரு வாட்ல யாருக்குக் கேக்கும்" னான். கால்சைனை சொல்லிட்டு பிடிடியை விட்டான், கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் நாமக்கல்ல இருந்து ஒரு பெரியவர் நிதானமா வந்து அவன் கால்சைனை எழுத்து எழுத்தா திருப்பிச் சொல்லி, ஃபைவ் நைன் தம்பி, வாங்க வாங்கன்னார். ஃபைவ் நைன்னா தெளிவா, பலமா கேக்குதுன்னு அர்த்தம். பையனுக்கு அடுத்து என்ன சொல்றதுன்னே தெரியல, என்னைப் பார்த்தான், நான் உன் பேரையும் ஊரையும் சொல்லுடான்னேன்.